சிப்பி பொறுக்காதீங்க... பவளத்தை மிதிக்காதீங்க! அந்தமான் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கடல் நாகரிகம்

அந்தமானிலிருந்து சென்னைக்குத் திரும்பும் விமானத்துக்கான வரிசை. முகத்தில் வெயில் பட்ட கறுப்பு, செருப்பில் இன்னும் போகாத மணல், மொபைலில் ஆயிரம் போட்டோ... குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். ஸ்கேனிங் மெஷினுக்குள் போய் வந்த ஒரு சூட்கேஸை மட்டும் ஓரமாக நகர்த்தி, "திறங்க" என்கிறார்கள். மடித்து வைத்த டவலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பவளத் துண்டும், உள்ளங்கை அளவு சிப்பி ஒன்றும்.

"பீச்ல சும்மாதாங்க கிடந்துச்சு. குழந்தை ஆசைப்பட்டா..."

இந்தக் காட்சி அங்கே புதிதல்ல. இந்த பதிலும் புதிதல்ல. பொருள் பறிமுதலாகிறது, பேப்பரில் எழுதுகிறார்கள், குழந்தை அழுகிறது, விமானத்துக்கு நேரமாகிறது. நான்கு நாள் சந்தோஷம் கடைசி நாற்பது நிமிடத்தில் கரைந்துபோகிறது.

கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டுக்குப் போனால் சத்தம் போடக்கூடாது என்பதும் ஓரளவு பழகிவிட்டது. ஆனால், கடலுக்குள் இறங்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்ச விமானப் பயணத்தில் அந்தமான் வந்துவிடும் என்றாகிவிட்ட இந்தக் காலத்தில், அதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிவிட்டது.

'சும்மா கிடந்தது' இல்லை

முதலில் சட்டம். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. உயிரோடு இருக்கிறதா, செத்துக் கரை ஒதுங்கியதா என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. ஐவிரல் சங்கு வகைகள் சில உட்படப் பல சங்கு, சிப்பி இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. 'கடையில் விற்கிறார்களே' என்பதும் சட்டத்தின் முன் பதிலாகாது.

சட்டத்தை விடுங்கள். அந்தச் சிப்பி அங்கே ஏன் கிடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. துறவி நண்டுக்கு உடம்பின் பின்பாதி மெத்தென்று, ஓடு இல்லாமல் இருக்கும். செத்துப்போன சங்குகளின் கூட்டைத் தேடிப் பிடித்து, அதற்குள் உடம்பைத் திணித்துக்கொண்டுதான் அது வாழ்கிறது. வளர வளரப் பெரிய வீடாகப் பார்த்து மாறும். நல்ல சங்குகளையெல்லாம் நாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அது எங்கே போகும்? இணையத்தில் மக்கள் பகிர்ந்த புகைப்படங்களை அலசிய போலந்து ஆய்வாளர்கள், குப்பையை வீடாக்கிக்கொண்ட 386 துறவி நண்டுகளைக் கண்டுபிடித்து 2024-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை பிளாஸ்டிக் மூடிகளைத்தான் முதுகில் சுமந்துகொண்டிருந்தன.

இன்னொரு விஷயம். கூம்பு வடிவத்தில், அழகான கோலம் போட்டதுபோல் இருக்கும் சங்குகளில் சிலவற்றுக்குள் உயிர் இருந்தால், அது விஷ ஊசியால் குத்தும். மனிதர்கள் உயிரிழந்த சம்பவங்கள்கூட உண்டு. குழந்தையிடம் 'எடுக்காதே' என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

போட்டோ எடுங்கள். அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பாறை இல்லை... உயிர்!

'பவளப்பாறை' என்ற பெயர்தான் முதல் குழப்பம். பாறை என்றதும் ஏறி நிற்கலாம் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது பல்லாயிரம் சின்னஞ்சிறு உயிர்களின் குடியிருப்பு. ஒவ்வொன்றும் சுண்ணாம்பால் தனக்கொரு வீடு கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டோடு ஒட்டி வாழ்கிறது. மேலே தெரியும் மெல்லிய தோல்தான் உயிருள்ள பகுதி. அதில்தான் நம் கால் படுகிறது.

உருண்டையாக வளரும் பவள வகைகள் பல, வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும். கொம்பு கொம்பாகக் கிளை விடும் வகைகள் வேகமானவை. அவைகூட ஆண்டுக்கு ஒரு சாண் வளர்வதில்லை. ஆக, ஒரு நொடியில் காலால் ஒடிக்கும் துண்டு, உங்கள் குழந்தையின் வயதைவிட மூத்ததாக இருக்கலாம். கடலின் அடித்தளத்தில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான இடத்தில்தான் பவளத்திட்டுகள் இருக்கின்றன. ஆனால், கடல் உயிரினங்களில் சுமார் கால்வாசி, வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

ஹேவ்லாக் தீவின் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீப்) எலிஃபன்ட் பீச்தான் நம்மவர்கள் பலர் முதன்முதலாக ஸ்நார்க்கலிங் செய்யும் இடம். கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்ததும் முதல் அரை நிமிடத்தில் மூச்சு முட்டுவதுபோல் ஒரு பயம் வரும். உடனே கால் தானாகத் தரையைத் தேடும். பவளம் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். வேண்டுமென்று யாரும் மிதிப்பதில்லை.

அதற்கு வழி எளிது. முதல் ஐந்து நிமிடத்தை வெறும் மணல் தரை உள்ள, இடுப்பளவு தண்ணீரில் செலவழியுங்கள். அங்கே மூச்சுவிடப் பழகிவிட்டுப் பிறகு பவளம் இருக்கும் பக்கம் போகலாம். லைஃப் ஜாக்கெட் கண்டிப்பாகப் போடுங்கள். பயம் வந்தால் காலை ஊன்றாமல், அப்படியே மல்லாந்து மிதக்கலாம். கைடின் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் நின்னா சொல்லுங்க" என்று முன்பே சொல்லிவையுங்கள். அந்தமானில் தமிழ் பேசுபவர்கள் நிறைய உண்டு என்பதால், மொழி பெரும்பாலும் பிரச்னையாக இருக்காது.

தவறிப் பவளத்தில் உராய்ந்துவிட்டால் உங்கள் காலுக்கும் நல்லதல்ல. அந்தக் காயம் ஆற நாளாகும், எளிதில் சீழ் பிடிக்கும்.

மீனுக்கு பிரெட் வேண்டாம்

கையில் பிரெட் துண்டோடு இறங்கினால் மீன்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும், வீடியோ அருமையாக வரும். ஆனால், அந்த மீன்களுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது.

கிளிமீனை எடுத்துக்கொள்ளுங்கள். கிளி அலகுபோன்ற பற்களால் பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதுதான் அதன் பிழைப்பு. பாசி மண்டினால் பவளம் மூச்சு முட்டிச் சாகும். சுரண்டும்போது உள்ளே போகும் சுண்ணாம்பை அரைத்து, வெள்ளை மணலாக வெளியேற்றுகிறது கிளிமீன். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணலைத் தரக்கூடியது. வெப்பமண்டலத் தீவுகளில் நாம் படுத்துப் புரளும் பளீர் வெள்ளை மணலில் ஒரு பங்கு, மீனின் வயிற்றிலிருந்து வந்ததுதான்! இதைக் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள். சிரித்து முடித்த பிறகு மறக்கவே மாட்டார்கள்.

பிரெட்டுக்குப் பழகிய மீன், பாசியை விட்டுவிட்டு மனிதக் கைகளைத் தேட ஆரம்பிக்கிறது. அதனால், "மீனுக்குப் போட பிரெட் வாங்கட்டுமா?" என்று படகுக்காரர் கேட்டால், "வேண்டாம்ணா, சும்மா பார்த்தாலே போதும்" என்று சொல்லிவிடுங்கள். பத்து பேர் அப்படிச் சொன்னால் பதினோராவது ஆளிடம் அவரே கேட்க மாட்டார்.

உடம்பில் பூசுவது கடலில் கரையும்

சன் ஸ்கிரீன் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற பெயர்கள் இருந்தால் அதைக் கடலுக்கு எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. இவை இளம் பவளங்களைப் பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியதால், பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரியிலும், ஹவாய் 2021 ஜனவரியிலும் இவற்றுக்குத் தடை போட்டன. 2021-ல் தாய்லாந்தும் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடை செய்தது. திறந்த கடலில் பாதிப்பு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால், மாற்று எளிதாகக் கிடைக்கும்போது ஏன் அந்த ரிஸ்க்?

மாற்று என்ன? முழுக்கை நீச்சல் சட்டை. முதுகு, தோள், கை எல்லாம் மூடிவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள கிரீமைப் பூசினால் போதும். செலவும் மிச்சம், தோலும் மிச்சம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கடலில் இறங்குவதையும் தவிர்க்கலாம்.

ஆமை வந்தால் டார்ச்சை அணையுங்கள்

இது அந்தமானுக்கு மட்டுமல்ல, சென்னைவாசிகளுக்கும் பொருந்தும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் இரவு நேரத்தில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 'ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' அமைப்பினர் 1988 முதல் இந்தக் கரையில் இரவிரவாக நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அந்தமானின் வட கோடியில் உள்ள காலிப்பூர் கடற்கரைக்கு நான்கு வகை ஆமைகள் வருவதுண்டு.

முட்டையிட வரும் ஆமை மிகவும் கூச்ச சுபாவம் கொண்டது. முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால், முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு வேறொரு பிரச்னை. இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அதுதான் கடல் என்று நம்பி ஓடுவது அவற்றின் இயல்பு. கரையில் ரிசார்ட் விளக்கும், மொபைல் ஃபிளாஷும் மின்னினால் கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடும்.

ஆமையைப் பார்த்தால் சில அடி தள்ளி, அதன் பின்பக்கமாக, அமைதியாக நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கடலுக்குள் நீந்தும் ஆமையைத் துரத்த வேண்டாம். அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், வழியை மறிக்காதீர்கள்.

காணாமல்போன இரண்டு தீவுகள்

'ஒரு துண்டு எடுத்தால் கடல் குறைந்துவிடுமா?' என்று கேட்பவர்களுக்கு, தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல ஆண்டுகள் இங்கே பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற சுவர் போனதும், அலை நேராகத் தீவின் மீது மோதியது. மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வர, அதைக் காப்பாற்ற 2015-ல் தொடங்கி கான்கிரீட்டில் செயற்கைத் திட்டுகளைச் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

இப்போது பவளத்துக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி அளவுக்குக் கடல் சூடாகி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் உடம்பில் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பவளத்துக்கு நிறமும், பெரும்பங்கு உணவும் தருவது அந்தப் பாசிதான். அது போனால் பவளம் வெளிறிப்போகும். 2010-ல் அந்தமான் பவளங்களுக்கு இந்த நிலை மோசமாக ஏற்பட்டது. 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால், தொந்தரவு இல்லாமல் விட்டால், மீண்டு வரும். காய்ச்சலில் படுத்திருப்பவரைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மேலே ஏறி மிதிக்காமல் இருப்பது, சுற்றுலாப் பயணிகளால் செய்ய முடிகிற உதவி.

கடலுக்கு மரியாதை... உயிருக்குப் பாதுகாப்பு

கடல் நாகரிகம் என்பது கடலைக் காப்பது மட்டுமல்ல, நம்மைக் காத்துக்கொள்வதும்தான்.

அலை உடையும் கடலில், நடுவே ஒரு பாதை மட்டும் அலையே இல்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருநீலமாகத் தெரியும். 'அங்கேதான் சேஃப்' என்று பலரும் நினைப்பார்கள். அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் வேகமாக உள்ளே திரும்பும் பாதை அது. ஆங்கிலத்தில் 'ரிப் கரன்ட்' என்பார்கள். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். களைத்துப்போவதுதான் உயிரைக் குடிக்கிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்கு வாருங்கள். நீச்சல் தெரியாதவர், மாட்டியவரைக் காப்பாற்ற உள்ளே குதிக்கக் கூடாது. லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள்.

அந்தமானுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை: முதலை. உப்புநீர் முதலைகள் அங்கே கடலோரத்திலும் கழிமுகங்களிலும் வாழ்கின்றன. 2010-ல் ஹேவ்லாக்கில் அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். இருட்டும் நேரத்தில் எங்குமே இறங்காதீர்கள். மது குடித்துவிட்டு எந்தக் கடலிலும் இறங்காதீர்கள்.

கரை ஒருவருடைய வீடு

நமக்கு பீச். அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் வேலை செய்யும் இடம், வாசல், முற்றம் எல்லாம். ராமேஸ்வரமோ, தரங்கம்பாடியோ, அந்தமானோ, எங்கே போனாலும் மணலில் பரப்பியிருக்கும் வலையைச் சுற்றிக்கொண்டு போகலாம். செருப்புக் காலோடு படகில் ஏறி செல்ஃபி எடுப்பதைப் பல மீனவர்கள் விரும்புவதில்லை. கருவாடு காய வைத்திருக்கும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிப்பதும், கேட்காமல் பெண்களைப் படம் எடுப்பதும் அநாகரிகம். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்க இரண்டு நொடிதான் ஆகும்.

குப்பை விஷயத்தில், அந்தமான் வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா நல்ல உதாரணம். 1983-ல் உருவான இந்தப் பூங்காவில் 15 தீவுகள். ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறும் முன்பே பையைச் சோதித்து, தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தடுத்துவிடுகிறார்கள். ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளையும் மாற்றி மாற்றித் திறப்பதால், இரண்டுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

பிளாஸ்டிக் என்றால் பாட்டிலும் கவரும் மட்டுமல்ல. சிகரெட் துண்டின் பஞ்சு, பெரும்பாலான வெட் டிஷ்யூ, குழந்தையின் டயப்பர், கல்யாண ஷூட்டுக்குத் தூவும் மினுமினுப்புத் தாள் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் உண்டு.

மாயா பே சொல்லும் பாடம்

லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000-ல் வெளியான 'தி பீச்' படத்தால் உலகப் புகழ் பெற்றது தாய்லாந்தின் மாயா பே. ஒரே நாளில் 5,000 பேர் வரை குவிந்தார்கள். படகுகளின் நங்கூரமும் மனிதக் கால்களும் பவளத்தைச் சிதைத்தன. 2018 ஜூனில் அரசு அந்தக் கடற்கரையை மூடியது. பவளங்களை மீண்டும் நட்டார்கள். மனிதர்கள் இல்லாத அந்த அமைதியில், துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, படகுகளுக்குத் தீவின் மறுபக்கத்தில் நிறுத்துமிடம், கடலில் நீந்தத் தடை எனக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. நாமாகக் கட்டுப்பாட்டோடு இருக்காவிட்டால், எல்லா அழகான கடற்கரைக்கும் ஒருநாள் பூட்டுதான்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு துணிப்பை, குப்பைக்கென்று தனியாக ஒரு பை
* முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி
* ஜிங்க் ஆக்ஸைடு சன் ஸ்கிரீன். கடலில் இறங்க 20 நிமிடத்துக்கு முன்பே பூசிவிடுங்கள்
* ஸ்நார்க்கலிங் முகமூடியை வீட்டு பக்கெட் தண்ணீரில் போட்டு மூச்சுவிட ஒருமுறை பழகுங்கள்
* குழந்தைகளிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள்: தொடாதே, துரத்தாதே, எடுக்காதே
* வீட்டுக்கு வரும்போது கையில் எதுவும் இல்லையா என்று பெட்டியை ஒருமுறை பாருங்கள். குழந்தையின் பாக்கெட்டையும்!

பலாவ் தீவுக்குப் போனால், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். 2017 டிசம்பரில் வந்த வழக்கம் இது. தீவுக்குக் கெடுதல் செய்ய மாட்டேன் என்று சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போக முடியும். அந்த உறுதிமொழி அந்த நாட்டின் குழந்தைகளை விளித்து எழுதப்பட்டிருக்கிறது. எழுதுவதில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு.

நம் பாஸ்போர்ட்டில் அப்படி யாரும் முத்திரை குத்தப்போவதில்லை. அந்தமானுக்கு பாஸ்போர்ட்டே தேவையில்லை. ஆனால், அந்த எலிஃபன்ட் பீச்சுக்கு இன்னும் இருபது வருடம் கழித்து, இன்று சிப்பிக்காக அழுத குழந்தை தன் குழந்தையோடு போகும். தண்ணீருக்குள் முகத்தைக் கொடுக்கும்போது அங்கே கிளிமீன் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும்.